ஆதிமூலத்துக்கும் ஏகாம்பரத்துக்கும் நடுவில்

எத்திராஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் டிசம்பர் பதினாறு, காலை ஒன்பதே கால் மணிக்கு. இந்த ஜன்னல் வழியாகத்தான். சங்கத்து கேட்டுக்கு வெளியே சாக்கடைப் பலகைமேல் நின்றுகொண்டிருந்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ‘ஆஜர்’ என்றான். பிறகு சல்யூட் அடித்தான், இடது கையால். வலது கை அவனுக்கு நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். என்றாலும் இடது கையால் அடிப்பது தப்பு. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இல்லை தம்பி, இதை மலரில் போடவேண்டாம். நீங்கள் கேட்டது சங்கத்தின் நோக்கமும் வரலாறும். ஐம்பதாம் ஆண்டு மலர் போடுகிறீர்கள், நல்ல விஷயம். வரலாறு சொல்ல உட்கார்ந்தால் இவன் குறுக்கே வந்துவிடுகிறான், அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் செய்தான். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சேங்குப்பம் முன்னாள் படைவீரர் சங்கம். தொடங்கியது எழுபத்திரண்டு. தொடங்கியவர் சுபேதார் வரதராசலு. எழுபத்தொன்று போரில் இடது கையில் இரண்டு விரல் போய் ஊருக்கு வந்தவர். அந்தப் போரில் நம் ஊர்ச் சிப்பாய் ஒருவன் செத்தான். அவன் பெண்டாட்டி அலமேலு. தந்தி வந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போனாள். செத்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள், கொண்டுபோனாள். நீதான் பெண்டாட்டி என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனவன் படையில் எழுதிக்கொடுக்கவில்லை. அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். எட்டு மாதம் அலைந்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா கேட்டானாம், “செத்தான்னு சொல்றியே, நீ பார்த்தியா?” அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுபேதார் தன் சொந்த வேலையாக அங்கே போயிருந்தவர் அதைப் பார்த்தார்.

ஊருக்கு வந்து உரக் குடோனில் பதினோரு பேரைக் கூட்டினார். ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று வரி எழுதினார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, காட்டுகிறேன். முதல் வரி: நம்மில் ஒருவனிடம் நாம் அத்தாட்சி கேட்கமாட்டோம். இரண்டாவது: நம்மில் ஒருவன் போனால் நாலு தோள், சங்கத்துக் கொடி, ஒரு பியூகிள் ஊதல். மூன்றாவது: வருஷத்துக்கு ஒருநாள், போர் முடிந்த டிசம்பர் பதினாறில், எல்லார் பெயரையும் படிப்போம், செத்தவன் பெயருக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘ஆஜர்’ சொல்லுவோம்.

நோக்கம் அவ்வளவுதான். மலரில் முதல் பக்கத்தில் போடுங்கள். முதல் வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அது திருத்தப்பட்டுவிட்டது.

நான் எண்பத்தாறில் ஓய்வுபெற்று வந்தேன். ஹவில்தார் கிளார்க், மாசிலாமணி. நான் படித்தது எட்டாம் வகுப்பு. டைப்பிங்கும் இங்கிலீஷும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பழைய ஃபைல்களைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டது. போரில் இருந்தீர்களா என்று எல்லாரும் கேட்பார்கள். ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசில் இருந்தேன். போர் எல்லையில் மட்டும் நடப்பதில்லை தம்பி. ஒரு நாளைக்கு நானூறு சீட்டு வந்து விழும். செத்தவன், அடிபட்டவன், காணாமல்போனவன். எவன் எந்தப் பக்கம் என்று எழுதுகிறவன் நான். இங்கே வந்ததும் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அறுபது குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மனுகூடத் திரும்பி வந்ததில்லை.

எத்திராஜ் முதல் பதினோரு பேரில் ஒருத்தன். செங்கல் சூளையில் கல் அடுக்குகிற வேலை. கை ஆடும், பேச்சு திக்கும். அதிகம் பேசமாட்டான். டிசம்பர் பதினாறில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பான். ஆதிமூலத்துக்கும் ஏகாம்பரத்துக்கும் நடுவில் அவன் பெயர் வரும். ‘ஆஜர்’ என்பான். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவனுக்குத் திக்காது. மற்றதெல்லாம் திக்கும். அது எப்படி என்று எனக்கு விளங்கியதில்லை.

சுபேதார் சொல்வார், “நம்ம பிளட்டூன்தான்யா அவன். குண்டு விழுந்து பங்கர் மூடிக்கிச்சு. ரெண்டு பொணத்தோட கழுத்து வரைக்கும் மண்ணுல புதைஞ்சு ஒரு ராத்திரி முழுக்க கெடந்தான். காலையில தோண்டி எடுத்தா பேச்சில்ல. வேற யூனிட் வண்டி ஒண்ணு வந்துச்சு, அதுல ஏத்திவுட்டேன்.” இப்படிச் சொல்வார். எழுதிக்கொடுத்தாரா என்றால் இல்லை. தொண்ணூற்றொன்றில் இறந்துபோனார். நாலு தோளில் என் தோளும் ஒன்று.

அவர் போனபிறகு முன்னாள் படைவீரர்களுக்கு மனை தருவதாக ஒரு பேச்சு வந்தது. உடனே ஆட்கள் முளைத்தார்கள். கேண்டீனில் தட்டு கழுவினவன் டாங்கி ஓட்டினதாக வந்து நின்றான். நான்தான் கண்டுபிடித்தேன். சந்தையில் மாட்டுக்குப் பல் எண்ணுகிற மாதிரி ஒவ்வொருத்தனையும் பார்க்கவேண்டியதாகிவிட்டது. தொண்ணூற்று மூன்றில் பொதுக்குழுவைக் கூட்டி முதல் வரியைத் திருத்தினேன். டிஸ்சார்ஜ் புத்தகம் காட்டினால்தான் பெயர். எல்லாரும் கை தூக்கினார்கள். எத்திராஜும் தூக்கினான், ஆடுகிற கையை.

எல்லாரும் புத்தகம் கொண்டுவந்தார்கள். அவனும் கொண்டுவந்தான், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி. திறந்து பார்த்தேன். சிவப்பு மையில் ஒரு வரி. இருபத்திரண்டு நாள் அனுமதியில்லாமல் ஆஜர் இல்லை, இனி சேவை தேவையில்லை. அப்படிப்பட்டவன் பெயர் எப்படி இருக்கும்? அடித்துவிட்டேன். ஸ்கேல் வைத்து, ஒரே கோடு.

அந்த இருபத்திரண்டு நாள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தப்பாக எழுதக்கூடாது.

படையில் ஒரே பெயரில் ரெண்டு பேர் இருந்தால் நம்பரின் கடைசி மூன்று எண்ணை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கம்பெனியில் ரெண்டு எத்திராஜ். இவன் நானூற்றுப் பதினேழு. இன்னொருத்தன் குடியாத்தத்துக்காரன், தொள்ளாயிரத்து ரெண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ‘சிப்பாய் எத்திராஜ், பேச்சில்லை, உள்நோயாளியாகச் சேர்ப்பு’. நம்பர் இல்லை. பேச்சில்லாதவன் நம்பர் எப்படிச் சொல்வான்? நான் ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். “ஏதாவது ஒருத்தன் பேர்ல போடுய்யா, இன்னும் மூணு மூட்டை பாக்கி கெடக்கு” என்றார். தொள்ளாயிரத்து ரெண்டில் போட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரியாகவும் இருந்திருக்கலாம்.

எண்பத்தெட்டில் அந்தத் தொள்ளாயிரத்து ரெண்டு கண் ஆபரேஷனுக்கு ஏதோ மனு எழுத இங்கே வந்தான். அவன் புத்தகத்தில் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி என்று இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தான். “சார், நான் ஜுரத்துக்குக்கூட ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்லியே.” “இருந்துட்டுப் போகட்டும்பா, அதனால உனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது” என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே ஐந்து வருஷம் கழித்து எத்திராஜின் புத்தகத்தைத் திறந்தபோது எனக்கு நினைவு இருந்தது. அதே இருபத்திரண்டு நாள். தேதிகூட அதேதான். எனக்கு ஞாபகசக்தி அதிகம், டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள். அரசாங்கப் பதிவை மாற்றுவது சங்கத்தின் நோக்கத்தில் இல்லை. அதுவும் எழுதினவனே எழுந்து நின்று நான் தப்பாக எழுதினேன் என்று சொன்னால், நான் எழுதுகிற மற்ற மனுக்களை எவன் நம்புவான்? அறுபது குடும்பம் என் கையெழுத்தின்மேல் நிற்கிறது. ஒருத்தனுக்காக அறுபது குடும்பத்தை விடமுடியுமா? நான் அப்படிப்பட்டவன் இல்லை.

பெயரை அடித்த வருஷம் டிசம்பர் பதினாறுக்கு அவன் வந்தான். கடைசி வரிசையில் நின்றான். நான் ஆதிமூலம் என்று படித்தேன், ஆதிமூலம் பதில் சொன்னார். ஏகாம்பரம் என்று படிக்க வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ‘ஆஜர்’ என்று குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். நான் சத்தம் போடவில்லை. நான் யாரிடமும் சத்தம் போட்டதே கிடையாது, ஊரில் விசாரித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் கேட்டைப் பூட்டிவைக்கச் சொன்னேன்.

கேட்டுக்கு வெளியே நின்று சொன்னான்.

மறுவருஷம் ரெண்டு பெயரையும் மூச்சு விடாமல் சேர்த்துப் படித்தேன். ஆதிமூலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன செக்ரட்ரி, நான் ஆஜர் சொல்றதுக்குள்ள தாண்டிப் போறீங்க. நான் செத்துட்டனா?” என்றார். எத்திராஜ் ஏகாம்பரம் முடிகிறவரை பொறுத்திருந்து சொன்னான். ஒரு வருஷம் பட்டியலைக் கீழேயிருந்து மேலாகப் படித்தேன். அவனுக்கு அதுவும் தெரிந்துவிட்டது, சரியாக ஏகாம்பரத்துக்கு அப்புறம் சொன்னான். ஊரில் அவனுக்குப் பெயரே ஆஜர் என்று ஆகிவிட்டது. சூளையில் கல் வாங்க வருகிறவர்கள்கூட, “ஆஜர் இருக்கானா?” என்று கேட்பார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான். அதில் என் தப்பு என்ன இருக்கிறது?

என் மனைவி பத்மாவதி விழா நாளில் பொங்கல் வைப்பாள். கேட்டு இடுக்கு வழியாக அவனுக்கு ஒரு தொன்னை கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் கேட்டாள், “அவர் பேரப் படிச்சா உங்க வாய் வெந்துடுமா?” அவளுக்குச் சட்டம் தெரியாது. அவளிடம் அந்தச் சீட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக்கூடாது.

நான் அவனுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று பின்னால் பேசினார்கள். அது பொய். ரெண்டாயிரத்து மூன்றில் கஜபதி என்று ஒரு உறுப்பினர், வேடிக்கையாகப் பேசுகிறவர், “ஒரு தடவை உள்ள வுடுங்க மாசி. நம்மள்ல வயசானவங்க எல்லாம் என்ன பரேடா பண்றோம்” என்றார். சரி என்றேன். கேட்டைத் திறந்து கூப்பிட்டேன். நடுவில் வந்து நிற்கட்டும், சல்யூட் அடிக்கட்டும், நம்பர், ராங்க், பெயர் சொல்லட்டும், கமிட்டி பரிசீலிக்கும் என்றேன். படைவீரன் எவனும் தூக்கத்தில்கூட நம்பர் சொல்வான். இதைவிடச் சுலபமாக என்ன கேட்கமுடியும்?

வந்து நின்றான். குடும்பங்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி தனபாக்கியம், தோல் ஷெட்டில் செருப்புக்கு மேல்தோல் தைக்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சல்யூட் அடித்தான். கை நெற்றியில் நிற்காமல் காதில் போய்த் தட்டியது. “நம்பர்” என்றேன். “நா…” என்றான். “நா… நா… நானூ…” நான் காத்திருந்தேன். “மறுபடியும்” என்றேன். மறுபடியும் நானூவில் நின்றது. மூன்றாவது தடவை. நாலாவது தடவை கேட்டபோது அவன் பேண்ட்டு நனைந்துவிட்டது. காலடியில் சிமெண்டுத் தரையில் ஓடியது. முன்வரிசையில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். “போதும், உட்காரச் சொல்லுங்க” என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

பிறகு எல்லாரும் பொங்கல் சாப்பிடப் போய்விட்டோம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று முழு நம்பரையும் சொல்லிவிட்டானாம், ஒன்றுகூடத் தப்பாமல். தனபாக்கியம் பந்திக்கே வந்து சொன்னாள், “சொல்லிட்டாருய்யா. இப்ப சொல்லிட்டாரு. வந்து கேளுங்க.” நான் கையைக் கழுவிவிட்டுச் சொன்னேன், கூட்டம் முடிந்து குறிப்பு எழுதியாகிவிட்டது என்று. அது உண்மைதான். நேரம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

அதற்கப்புறம் அவன் உள்ளே வர முயற்சி செய்யவில்லை. பழைய இடத்தில், கேட்டுக்கு வெளியே நின்றான். மொத்தம் பதினேழு டிசம்பர். கடைசி டிசம்பரைத்தான் முதலில் சொன்னேன். அந்தத் தூறலில் நனைந்தது, மார்ச்சளி பிடித்து மூன்றாம் நாள் போய்விட்டான்.

பத்தொன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்குத் தனபாக்கியம் தன் தம்பியோடு இங்கே வந்தாள். இதே மேஜை. நாங்கள் பதினோரு பேர் இருந்தோம், மற்றவர்கள் செய்தி கேட்டு வந்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

“நாலு பேரு வந்து தூக்குங்க. கொடி போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“புத்தகத்துல சிவப்பு மை இருக்கேம்மா.”

“ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கு. குடியாத்தத்துக்காரரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, ஆஸ்பத்திரியில இருந்தது நான் இல்லன்னு. பதில் வரும்.”

“வரட்டும். வந்தா பார்க்கலாம்.”

“அதுவரைக்கும் பொணத்த வூட்டுல வெச்சிருக்கட்டுமா?”

துக்கத்தில் இருக்கிறவளோடு வாதாடுவது எனக்குப் பிடிக்காது.

அவள் போனதும் கஜபதி எழுந்தார். “நான் போறேன் மாசி. கொடி வேணாம், சும்மா தோள் குடுத்துட்டு வரேன்” என்றார். தாராளமாகப் போகலாம், ஆனால் தீர்மானம் இல்லாமல் போகிறவருக்கு நாளைக்கு அவர் முறை வரும்போது சங்கம் வராது என்று நினைவுபடுத்தினேன். மிரட்டவில்லை, விதியில் இருப்பதைச் சொன்னேன். அவர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சூளைக்காரர்கள் தூக்கினார்கள். சாயந்தரம் நாலு மணிக்குப் பாடை இந்தத் தெரு வழியாக வந்தது. எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அந்தத் தெருமுனை நம் கேட்டுதான். அங்கே வந்ததும் தனபாக்கியம் பாடையை நிறுத்தச் சொன்னாள். மேளத்தையும் நிறுத்தச் சொன்னாள். கேட்டுக் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“நானூத்திப் பதினேழு, சிப்பாய் எத்திராஜ்.”

எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியும். செத்தவன் பெயரைக் கூப்பிட்டால் இருக்கிறவர்கள் பதில் சொல்லவேண்டும். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். மூன்று தடவை.

காலையில் வந்தவர்கள் யாரும் இன்னும் போகவில்லை, நான் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தேன். பதினோரு பேர். ஆதிமூலத்துக்கு உதடு துடித்தது, பார்த்தேன், வாயை மூடிக்கொண்டார். கஜபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் பொறுத்து மேளம் ஆரம்பித்தது, பாடை போய்விட்டது.

கட்டுப்பாடு என்றால் அதுதான் தம்பி. நம் ஊரில் எத்தனையோ சங்கம் வந்தது, பிளந்தது, போனது. இது ஐம்பது வருஷம் நிற்கிறது என்றால் அன்றைக்கு அந்தப் பதினோரு பேர் காட்டிய கட்டுப்பாட்டால்தான். அந்த வார்த்தையை வேண்டுமானால் மலரில் போடுங்கள். சந்தர்ப்பம் எழுதவேண்டாம்.

என் மனைவிதான் அதற்குப்பின் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். பத்மா என்று கூப்பிட்டால் வருவாள், நிற்பாள், ஏன் என்று கேட்கமாட்டாள். ரெண்டு வருஷம். காது மந்தமாகிவிட்டதென்று வேலூரில் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்த டாக்டர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். அவளுடைய கடைசி நாளிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சரி, அது வீட்டு விஷயம். எத்திராஜ் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

அவன் போய் நாற்பது நாள் இருக்கும், தனபாக்கியம் ஒரு கவரோடு வந்தாள். ரெக்கார்டு ஆபீசிலிருந்து. வாங்கிப் படித்தேன். நல்ல இங்கிலீஷ். மேற்படி இருபத்திரண்டு நாளும் நானூற்றுப் பதினேழு ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தார், பதிவு தவறுதலாக வேறொருவர் ஏட்டில் ஏறிவிட்டது, சிவப்பு மை வரி ரத்துசெய்யப்படுகிறது. யார் தவறு என்று எழுதவில்லை. அவர்களும் நாகரிகம் தெரிந்தவர்கள்.

“சரியாத்தான் இருக்கும்மா” என்றேன்.

“படிங்க.”

“படிச்சிட்டேனே.”

“லெட்டர இல்ல. பேர.”

விதிப் புத்தகத்தை எடுத்து அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். விதி ஒன்பது. நீக்கப்பட்ட பெயரை மறுபடி சேர்க்கவேண்டுமானால் விண்ணப்பதாரர் ஆவணத்தோடு கமிட்டி முன் நேரில் வரவேண்டும். அவர் வரவேண்டும், அவருக்குப் பதிலாக இன்னொருவர் வரமுடியாது.

அவள் கடிதத்தை மேஜைமேல் என் பக்கம் தள்ளிவைத்தாள். அழவில்லை.

“பதினேழு வருசம் நேர்லதானய்யா வந்தாரு.”

“அப்ப காகிதம் இல்லம்மா. இப்ப ஆள் இல்ல. ரெண்டும் ஒண்ணா வரணும்.”

ரசீது எழுதிக்கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். இப்போது ஓசூரில் மகளோடு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

கடிதம் இந்த அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.